பால் வண்டியின் ஆறு மணி நேரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அந்த வளைவைத் தாண்டி வண்டிகள் வந்துவிட்டால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது, சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். தலையாட்டுகிற ஆளிடம் பேசுவது எனக்குப் பிடிக்காதுங்க. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்க, கீழே எல்லாம் ஆயில். ஆமாம், இப்படி. இப்போது கேளுங்க.

வரும்போது வாசலில் ஒரு நீளமான சுவர் இருந்ததே, பார்த்தீர்களா? வருஷா வருஷம் ஜெயித்தவர்கள் பேரை எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை சுற்று ஓடினார்கள், அதில் எத்தனை சுற்று முதல் ஆளாக ஓடினார்கள், எல்லாம் இருக்கும். எண்பத்து மூன்றாம் வருஷத்துக்கு நேராகப் பாருங்க. 'வெள்ளிங்கிரி, சென்னியப்பன். நூற்று முப்பத்தோரு சுற்று.' அது சரி. வெள்ளிங்கிரி நான்தான். சென்னியப்பன் என் மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று எழுதியிருக்கிறது. 'முன்னிலை: ஒரு சுற்று.' அதாவது அன்றைக்குப் பூராவும் நாங்கள் பின்னால் கிடந்தோமாம், கடைசி ஒரே ஒரு சுற்றில்தான் முந்தினோமாம்.

அதுதான் பொய். அந்தச் சுவரில் இருக்கிற ஒரே பொய். நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வெள்ளையடிக்கிறவன்கூடத் திருத்த மாட்டேன் என்கிறான்.

உங்களுக்கு இந்தப் பந்தயமே புதுசு என்றீர்களே, முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

இது சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் இறக்கப் போட்ட தளம். அவன் போனதற்கப்புறம் காரைக்காட்டுப்புதூர்க்காரர்களான நாங்கள் இதைப் பிளேன் களம் என்று பேர் வைத்து, கடலைக்காய் காயப் போட்டோம், மிளகாய் காயப் போட்டோம். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வழவழவென்று களம், எந்த ஊருக்குக் கிடைக்கும் சொல்லுங்க. ஒருநாள் கோயமுத்தூரில் இருந்து இரும்பு வார்க்கிற பவுண்டரி முதலாளி ஒருத்தரும் மில் சூப்பர்வைசர் ஒருத்தரும் வந்தார்கள். அவர்களுக்குள் ஒரு வாய்ச்சண்டை. யார் மோட்டார் சைக்கிள் வேகமாகப் போகும் என்பது இல்லை, யாருடையது நிற்காமல் போகும் என்பது. அதற்காகத்தான் இந்தப் பந்தயம் பிறந்தது. அதனால்தான் இதில் தூரம் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு. காலையில் எட்டு மணிக்குக் கொடி, மதியம் இரண்டு மணிக்குக் கொடி. நடுவில் யார் அதிகச் சுற்று வந்தார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். அவ்வளவுதான்.

முதல் வருஷம் மிளகாயை அள்ளிவிட்டோமே தவிரத் தூளைப் பெருக்கவில்லை. ஒன்பது வண்டி கிளம்பினதும் தூள் எழும்பியது பாருங்க, ஒன்பது பேரும் தும்மித் தும்மி முதல் சுற்றிலேயே மூன்று பேர் வேலிக்குள் போய்விட்டார்கள். கொடி பிடித்தவருக்கும் தும்மல். அன்றைக்கு முடிவு பண்ணியதுதான், கடலைக்காய் அள்ளி முடிந்து மிளகாய் வந்து விழுவதற்கு முன்னால், தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வரைக்கும் அதுதான் தேதி. பந்தயக் கமிட்டிக்காரர்கள் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "கவுண்டரே, களம் காலியாயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டீசே அடிப்பார்கள்.

இருங்க, இது போகட்டும்.

போய்விட்டது. பச்சை வண்டிக்காரன் நன்றாக ஓட்டுகிறான், ஆனால் மூச்சு முட்ட ஓட்டுகிறான். பதினோரு மணிக்குப் பாருங்க, ஓரத்தில் நிற்பான்.

ஒரு வண்டிக்கு இரண்டு பேர். மாறி மாறி ஓட்ட வேண்டும். ஒருத்தர் குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும். வண்டி வழியில் படுத்துவிட்டால் ஓட்டினவன்தான் சரி பண்ண வேண்டும், அவன் இடுப்பில் கட்டியிருக்கிற ஸ்பேனரை வைத்து. வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கிளம்புவதும் ஒரு தினுசு. வண்டியெல்லாம் அந்தப் பக்கம், ஆளெல்லாம் இந்தப் பக்கம். கொடி விழுந்ததும் ஓடிப்போய் உதைத்துக் கிளப்ப வேண்டும். தொப்பைக்காரர்கள் ஓடுகிறதைப் பார்க்கவே பாதி ஊர் வரும்.

ஓடுகிறவனுக்குத் தான் எத்தனையாவது என்று தெரியாது. எப்படித் தெரியும்? இருபது வண்டி சுற்றிச் சுற்றி வருகிறது, எவன் நமக்கு முன்னால், எவன் ஒரு சுற்றுப் பின்னால், தலையே கிறுகிறுக்கும். அதனால் ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு ஆள் ஸ்லேட்டோடு கோட்டுக்கிட்ட நிற்கும். கமிட்டி மேசையில் வாத்தியார்கள் நான்கு பேர் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் கேட்டு, 'மூன்றாவது' என்றால் மூன்று என்று பெரிதாக எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். ஓடுகிறவனுக்கு அந்த ஸ்லேட்டுத்தான் கண்.

எங்கள் ஸ்லேட்டைப் பிடித்தது என் வீட்டுக்காரி பூவாத்தாள்.

அவள் எப்படி அங்கே வந்தாள் என்றால், அதற்கு முந்தின வருஷம் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. பவுண்டரி முதலாளி மகன் குணசீலன், அவனுடையது சிவப்பு வண்டி, நான்காம் நம்பர். அவன் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சிரித்தால் சும்மா விட முடியுமாங்க? நானும் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். எங்கள் வண்டி நன்றாகத்தான் போனது. இரண்டாவது மணியில் என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அது வண்டிக்கு உடம்பு சரியில்லாத நாள். நான் முறுக்கினதால் என்று பூவாத்தாள் சொல்வாள், அவளுக்கு மெக்கானிசம் என்ன தெரியும்.

சிக்கல் என்னவென்றால் அது பந்தய வண்டி இல்லை, பால் வண்டி. மூன்று ஊரில் பால் எடுத்துக் கேனைக் கட்டிக்கொண்டு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எங்கள் சொசைட்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு டவுன் லாரி வந்துவிடும், யாருக்காகவும் நிற்காது. அந்த ரூட்டில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என்ஜின் ஜாம் ஆனதில் பத்தொன்பது நாள் நானும் சென்னியப்பனும் சைக்கிளில் கேன் கட்டி மிதித்தோம். ஏழு நாள் லாரி போன பின்னாடிதான் போய்ச் சேர்ந்தோம். பால் திரிந்துபோய்விட்டது.

சொசைட்டிச் செயலாளர் பொங்கியண்ணன் வீட்டு வாசலிலேயே வந்து நின்று சொன்னார். "வெள்ளிங்கிரி, இந்தத் தடவை உட்டுட்டேன். இன்னொரு நேரம், ஒரே ஒரு நேரம் பால் லேட்டாச்சுன்னா ரூட்டு உனக்கில்லப்பா. டெம்போ வெச்சிருக்கறவன் ரெண்டு பேரு எங்கிட்டக் கேட்டுட்டிருக்கறான்."

அடுத்த வருஷம் தை வந்தது. நான் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன். பூவாத்தாள் சட்டி எதையும் தூக்கி எறியவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, போயே தீரோணுமா?"

"அவன் சிரிச்சான் புள்ள."

"செரி, போங்க. ஆனா ஸ்லேட்டு நாந்தான் புடிப்பேன். நான் என்ன காட்டறனோ அந்தப்படி ஓட்டோணும். வண்டி முழுசா வீட்டுக்கு வரோணும்."

"உனக்குப் பந்தயத்தப் பத்தி என்ன தெரியும்?"

"பந்தயத்தப் பத்தி எனக்கெதுக்குங்க? உங்களப் பத்தித் தெரியுமே."

அஞ்சாவது வரை படித்தவள். எண்ணுவதில் எமகாதகி. இருட்டில் கேனைத் தட்டிப் பார்த்தே எத்தனை லிட்டர் என்று சொல்வாள். சரி, அவள் நம் மேல் பாசத்தில் கேட்கிறாள் என்று ஒத்துக்கொண்டேன். தகரத்தில் கருப்புப் பெயின்ட் அடித்து இரண்டடிக்கு ஒரு ஸ்லேட்டு செய்துகொண்டாள். கை வலிக்கும் என்று கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்குக் காலைப் பாலை ஆறே காலுக்கெல்லாம் இறக்கிவிட்டுத்தான் களத்துக்கு வந்தோம். கேனைக் கழற்றின இடத்தில் ஒன்பதாம் நம்பர் ஒட்டினார்கள். குணசீலன் பார்த்துவிட்டு, "என்னங்க கவுண்டரே, இன்னைக்கு மோரா தயிரா?" என்றான். பக்கத்தில் இருந்தவனெல்லாம் சிரித்தான். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பூவாத்தாள், "எதுவானாலும் நேரத்துக்கு வந்து சேருமுங்க தம்பி" என்றாள். அவளுக்கு விவரம் போதாது, இப்படித்தான் மரியாதையாகப் பேசிவிடுவாள்.

கொடி விழுந்தது. ஓடினேன், உதைத்தேன், இரண்டாவது உதையில் கிளம்பியது. முதல் பத்துச் சுற்றில் கொஞ்சம் நெரிசல். அதற்கப்புறம் கோட்டைத் தாண்டும்போது ஸ்லேட்டைப் பார்த்தேன். ஒன்று.

ஒன்று என்று போட்டிருந்தாள், தட்டு அளவுக்குப் பெரிதாக. அதற்குக் கீழே ஒரு பால் கேன் படம்.

கேன் படத்துக்கு அர்த்தம் எங்களுக்குள் பேசி வைத்தது. வண்டியில் பால் இருப்பது மாதிரி ஓட்டு, அலுங்காமல் குலுங்காமல் ஓட்டு என்று. பாலோடு ஓட்டுவதில் இந்தத் தாலுகாவில் என்னை அடிக்க ஆள் கிடையாதுங்க. பள்ளம் வந்தால் பள்ளத்துக்கே தெரியாது. ஆனாலும் எனக்கு ஆச்சரியம்தான். பத்துச் சுற்றுக்குள் முதல் ஆளா? அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதிலே என்ன ஆச்சரியம், முந்தின வருஷமே அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கிவிட்டேன், அவ்வளவுதான். முதல் ஆளாக இருக்கிறவன் எதற்கு முறுக்க வேண்டும்? நிம்மதியாக, காலைக் காற்று மூஞ்சியில் பட, பால் கொண்டுபோவது மாதிரி போனேன்.

சிவப்பு வண்டிக்காரன் என்னைத் தாண்டிப் போனான். போகட்டும், ஒரு சுற்றுப் பின்னால் இருக்கிறவன்தானே, அதைச் சரிக்கட்டப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். பாவம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி தாண்டினான். அப்புறம் நீலக்கலர் வண்டி ஒன்று தாண்டியது, அப்புறம் மில் கோஷ்டி, அப்புறம் மறுபடி சிவப்பு. இத்தனை பேரும் எனக்குப் பின்னால் கிடந்து இப்படித் தவிக்கிறார்களே என்று எனக்கே மனசு கஷ்டமாகப் போய்விட்டது. ஒருத்தனுக்குக் கையைக் காட்டி வழிகூட விட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் சென்னியப்பன் ஏறினான். இப்போது அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான பையன், ஆனால் தூங்குமூஞ்சி. கேனைக் கட்டிக்கொண்டே தூங்குவான். வண்டியில் ஏறினால் கட்டை வண்டி மாதிரி ஓட்டுவான், பின்னால் எருமை வந்தாலும் ஓரம் கட்டி வழி விடுவான். நான் பயந்துகொண்டே இருந்தேன், நம் முதல் இடத்தை இவன் கோட்டை விட்டுவிடுவான் என்று. ஆனால் அன்றைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, பயல் ஒரே சீராகப் பறந்தான்.

இறங்கினதும் கேட்டேன், "என்ன மாப்ளே, இன்னைக்கு முழிச்சிட்டே ஓட்டுன போலிருக்குது?"

"என்ன பண்றது மச்சான், அக்கா ஸ்லேட்டுல எட்டுன்னு போட்டிருந்துச்சு. கீழ நாய் தொரத்தறாப்ல ஒரு படம் வேற. எட்டாவது இருந்தா மானம் போயிருமேன்னு வெசையா ஓட்டுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று எங்கே, எட்டு எங்கே. "மாப்ளே, உனக்குக் கண்ணுல கோளாறு. திங்கக்கிழமை டவுனுக்குப் போயி டாக்டரைப் பாரு" என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள், "தூசிடா, தண்ணி ஊத்திக் கழுவு" என்று சொம்பைக் கொடுத்தாள். இப்போது வரைக்கும் கண்ணாடி போடவில்லைங்க அவன். பேப்பர் மட்டும் எப்படியோ படிக்கிறான்.

நான் இறங்கி உட்கார்ந்திருக்கிற நேரம் அவள் சும்மாவும் நிற்கவில்லை. கமிட்டி மேசைக்குப் போவாள், வாத்தியாரிடம் கேட்பாள், வருவாள், நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்லேட்டில் எழுதுவாள். "எத்தனாவது புள்ள?" என்றால், "சோத்தைத் தின்னுங்க" என்பாள். முதல் இடத்தில் இருந்தாலும் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

மறுபடி நான், மறுபடி அவன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒன்று, கேன் படம். உச்சி வெயிலுக்கு வண்டிகள் சாய ஆரம்பித்தன. நீல வண்டிக்கு என்ஜின் ஜாம். மில் கோஷ்டி அந்தக் கோடி வளைவில் விழுந்து, ஆளுக்கு ஒன்றுமில்லை, முன் சக்கரம் எட்டாக வளைந்துவிட்டது. இன்னொருத்தன் பெட்ரோல் ஊற்ற மறந்துபோய்ப் பாதி வழியில் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு மணிக்கு மேல் சிவப்பு வண்டியும் ஓரத்தில் நின்றது, செயின் அறுந்து. குணசீலன் வெயிலில் உட்கார்ந்து ஸ்பேனரோடு போராடிக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு சுற்றும் அவனைத் தாண்டிப் போனேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கென்னவோ பரிதாபம்தான் வந்தது. ஏற்கனவே பின்னால் இருக்கிறவன், இவன் நின்றால் என்ன ஓடினால் என்ன.

எங்கள் வண்டி மட்டும் அப்போதுதான் கிளப்பினது மாதிரி இருந்தது. தொட்டால் சுடக்கூட இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நான் பராமரிக்கிற லட்சணம் அப்படி.

இப்போதுதான் முக்கியமான இடம். ஒன்றே முக்கால் மணி. நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு வண்டி மறுபடி களத்தில் ஏறிவிட்டது. செயினை என்னமோ பண்ணி மாட்டிவிட்டான், ஆனால் கியர் விழாமல் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போகிறான். நான் கோட்டைத் தாண்டுகிறேன், ஸ்லேட்டைப் பார்க்கிறேன்.

இரண்டு.

காலையில் இருந்து ஒன்று, ஒன்று, ஒன்று. இப்போது இரண்டு. கேன் படத்தையும் காணோம், அழித்துவிட்டிருந்தாள். அது மட்டுமில்லை, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இடது கையால் சிவப்பு வண்டி போன திசையைக் காட்டி, வலது கையால் ஆக்சிலேட்டர் முறுக்குகிற மாதிரி முறுக்கிக் காட்டினாள். கட்டின நாளில் இருந்து அவள் என்னை 'முறுக்கு' என்று சொன்னது அது ஒரே தடவைதான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பாருங்க, பராக்குப் பார்த்துக்கொண்டு ஓட்டினதில் முதல் இடம் கைவிட்டுப் போய்விட்டதே. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். முறுக்கினேன். அன்றைக்குப் பூராவும் முறுக்காத முறுக்கு. வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி போனது. இரண்டு சுற்றில் சிவப்பு வண்டியைப் பிடித்தேன். அடுத்த சுற்றும் ஸ்லேட்டில் இரண்டு. அடுத்ததும் இரண்டு. இன்னும் என்னடி என்று கத்திக்கொண்டே போனேன். மறுபடி ஒரு தடவை அவனைத் தாண்டினேன். கோட்டுக்கு வந்தேன். ஸ்லேட்டில் ஒன்று. அடுத்த சுற்றில் கொடி விழுந்துவிட்டது.

இருங்க, இருங்க. இவர்கள் போகட்டும். நான் சொன்னேனா இல்லையா, பச்சை வண்டி புகை தள்ளுகிறது பாருங்க.

நூற்று முப்பத்தொன்று நாங்கள், நூற்று முப்பது சிவப்பு. ஊரே களத்துக்குள் இறங்கிவிட்டது. என்னைத் தோளில் தூக்கினார்கள். பொங்கியண்ணன்கூட மாலை போட்டார், போட்டுக்கொண்டே காதில், "நாலரைக்கு லாரி, மறந்துராத" என்றார்.

அப்போதுதான் மைக்கில் சொன்னார்கள். "காலையிலிருந்து பின்தங்கியிருந்த பால் வண்டி கடைசிச் சுற்றில் முந்தி வெற்றி." என்னங்க அநியாயம் இது? கீழே இறக்கு என்று குதித்து நேராகக் கமிட்டி மேசைக்குப் போனேன்.

"காலையில் இருந்து நான்தான் முதல் ஆள். நடுவில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் மட்டும் இரண்டாவதாக இருந்தேன். மற்ற நேரமெல்லாம் ஒன்று. என் வீட்டுக்காரி காட்டினாள்" என்றேன்.

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். "பதினோரு மணிக்கு நீங்க அஞ்சாவதுங்க. நாலாம் நம்பர் உங்களவிடப் பன்னண்டு சுத்து முன்னால. செயின் அறுந்ததுலதான் உங்களுக்கு வழி கெடச்சுது."

"உங்க நோட்டுல தப்பு."

"நாலு பேரு எண்ணியிருக்கறோம்."

"நாலு பேரும் தப்பா எண்ணியிருக்கறீங்க. அவ ஒருத்தி சரியா எண்ணியிருக்கறா. பால்ல ஒரு சொட்டு அவளுக்குத் தப்பினதில்ல."

அதை நான் அன்றைக்குச் சொன்னதும் நல்லதுக்குத்தான் ஆனது. அடுத்த வருஷமே கமிட்டிக்காரர்கள் வந்து அவளை எண்ணுகிற மேசைக்குக் கூப்பிட்டார்கள். அதோ அந்தக் கொட்டகையில் நடு நாற்காலியில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். நாற்பது வருஷமாக அவள் எண்ணினதுதான் முடிவு. என் சிபாரிசு. ஆனால் எண்பத்து மூன்றைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லு என்றால், "அதெல்லாம் எனக்கெங்கீங்க ஞாபகம், நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று போய்விடுவாள். பெருந்தன்மை.

சரி, மேசைக்கு வருவோம். நான் விடவில்லை. கடைசியில் கமிட்டித் தலைவர், "செரிங்க, அந்த ஸ்லேட்டக் கொண்டாங்க. கடைசியா என்ன எழுதியிருக்குதுன்னாவது பாக்கலாம்" என்றார். அது போதுமே எனக்கு. மாலையோடு ஓடினேன்.

அங்கே வண்டிக்கிட்ட என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. சென்னியப்பன் பின்னால் சொன்னான். ஜெயித்த வண்டியைக் கமிட்டி என்ஜினியர் பிரித்துப் பார்க்க வேண்டும், பெரிய பிஸ்டன் ஏதாவது போட்டு ஏமாற்றினோமா என்று. அது சட்டம். பிரித்துப் பார்க்கிற வரைக்கும் வண்டியை அவர் கண்ணை விட்டு நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ஜெயித்தது செல்லாது, சிவப்பு வண்டிக்குப் போய்விடும். என்ஜினியர் பேர் கிருபாகரன். கோயமுத்தூர் ஆள், வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. மணியைப் பார்த்து, "ஆறு மணிக்குப் பிரிப்போம். அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிற்கட்டும்" என்று கம்பி வேலிக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அப்போது மணி மூன்று. மூன்று ஊர்ப் பால் காத்துக்கொண்டிருக்கிறது. நாலரைக்கு லாரி. வேலிக்கு வெளியே பொங்கியண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார், அவருக்குப் பின்னால் டெம்போக்காரன் ஒருத்தன் பல் குத்திக்கொண்டு நிற்கிறான். வண்டியை எடுத்தால் ஜெயித்தது போகும். எடுக்காவிட்டால் ரூட்டு போகும்.

சென்னியப்பன் அழுகிற மாதிரி ஆகிவிட்டானாம். பூவாத்தாள் என்ஜினியரிடம் போனாள்.

"ஏனுங் சார், வண்டி இங்கயே நிக்கோணும்னு சட்டத்துல எழுதியிருக்குதுங்களா?"

"அதிகாரியோட பார்வையில இருக்கணும்னு எழுதியிருக்கும்மா."

"அதிகாரி நீங்கதானுங்களே?"

"ஆமா."

"என்ஜினுக்குச் சீல் வெச்சுட்டீங்களா?"

"கம்பி கட்டி ஈயம் அடிச்சாச்சு."

"அப்ப வண்டி உங்க பார்வையிலயே இருக்கட்டுமுங்க. நீங்க பின்னால ஏறி உக்காருங்க. மூணு ஊரு, ஒரு மணி நேரம். நல்ல காத்து வருமுங்க."

அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாராம், முன்னாலும் பின்னாலும். அதில் அப்படி ஏறக் கூடாது என்று எங்கேயும் இல்லை. தலைவரைக் கேட்கலாம் என்று பார்த்தால் அவர் என்னிடம் மாட்டிக்கொண்டு மேசையில் இருந்தார். பொங்கியண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, "ஏறுங்க சார், ஊருச் சனம் உங்களுக்குப் புண்ணியம் சொல்லும்" என்றாராம்.

நான் மாலையோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் நம்பரைப் பிய்த்துவிட்டுக் கேன் கட்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் இரண்டு, மடியில் ஒன்று. மடி கிருபாகரன் சாருடையது. முன்னால் சென்னியப்பன், முழுசாக முழித்துக்கொண்டு.

"புள்ள, அந்த ஸ்லேட்டக் கொடு, சீக்கிரம், கமிட்டில காட்டோணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். பந்தயம் பார்த்துவிட்டுக் கலைகிற கூட்டம் பூராவும் ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது, வண்டி நகரவே வழியில்லை. கழுத்தில் இருந்த ஸ்லேட்டைக் கழற்றினாள். பாவம், அதன் மதிப்பு அவளுக்கு என்ன தெரியும். முந்தானையால் அழுத்தி ஒரே துடை, சாக்பீஸ் எடுத்து தூரத்தில் இருக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி, 'பால் அவசரம், வழி விடுங்க' என்று எழுதி, அந்த என்ஜினியர் கழுத்தில் மாட்டிவிட்டு, வண்டியின் பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டி அனுப்பிவிட்டாள்.